இளைக்குதா?

காலை ஐந்தே முக்காலுக்கு எழிலன் எழுந்தான். மோட்டார் போட்டான். கீழே போய்ப் பால் பாக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு பதினேழு படி ஏறி மாடிக்கு வந்தான். ஒரு அடுப்பில் பாலும் இன்னொரு அடுப்பில் வெந்நீரும் வைத்தான். மணிமொழியை எழுப்பினான். வாய்ப்புண்ணுக்காக உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரை டம்ளரில் கொடுத்தான். அவள் கொப்பளித்துவிட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் காலால் வெளியே இழுத்தான். அவள் ஏறி நின்றாள். அவன் குனிந்து பார்த்தான். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் எழுதினான். நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு. பிறகு டீ போட்டான்.

மார்ச் மாதத்திலிருந்து எல்லாக் காலையும் இதுதான். ஞாயிற்றுக்கிழமையும் இதுதான்.

மணிமொழிக்கு இருபத்தேழு வயது. எழிலனுக்கு மாமன் மகள். கல்யாணமாகி நான்கு வருடம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுவாள். வாரிசுச் சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் மூன்று தலைமுறைச் சண்டையைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்குச் சொல்வாள். பொங்கல் கழிந்த வாரம் இடது மார்பில் இருக்கும் கட்டி என்னவென்று தெரிந்தது. பிப்ரவரியில் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோவுக்குச் சிவப்பு மருந்து, நான்கு தடவை. அது முடிந்ததும் வேறு மருந்து.

“எடை மட்டும் குறையாம பாத்துக்குங்க” என்று முதல் நாள் நர்ஸ் சொன்னாள்.

எழிலன் அதைப் பிடித்துக்கொண்டான். மற்றதெல்லாம் டாக்டர்கள் கையில் இருந்தது. இது ஒன்றுதான் அவன் கைக்கு வந்தது. வியாதிக்கு முன்னால் அவள் ஐம்பத்திரண்டு கிலோ. சிவப்பு மருந்து இரண்டாவது தடவை ஏறியபோது நாற்பத்தொன்பது. நான்காவது தடவைக்கு நாற்பத்தெட்டு. ஊரில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “அய்ய, இன்னா இப்பிடி எளைச்சிப் பூட்ட?” செஞ்சிப் பக்கத்தில் வியாதியின் அளவு அதுதான். எளைத்தால் போகிறாள், சதை போட்டால் தேறுகிறாள்.

எடை பார்ப்பது அவன் தொழிலும்கூட. பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். திண்டிவனம் சாலையில் ஒரு ரைஸ் மில்லில் கொள்முதல் பார்த்தான். மூட்டை எடை போடுவதற்கு முன்னால் சாக்கில் ஊசியைக் குத்தி நெல்லை எடுத்து மீட்டரில் போடுவான். ஈரம் பதினேழுக்கு மேல் போனால் வண்டி திரும்ப வேண்டியதுதான். மே மாதத்தில் ஒரு நாள் தொண்டூர்த் தாண்டவராயன் நாற்பது மூட்டை கொண்டுவந்தார். மீட்டர் இருபத்தொன்று காட்டியது.

“இன்னா பெரியப்பா, நெல்ல குளிப்பாட்டிக் கூட்டிக்கினு வந்தியா?” என்றான் எழிலன்.

“நேத்து தூறல் போட்டுச்சிடா எழிலு. வானத்த நான் இன்னா கேக்கறது?”

“தூறல் மேல் மூட்டைய நனைக்கும். அடி மூட்டை இன்னா பாவம் பண்ணுச்சி?”

“படிச்சவன வேலைக்கு வச்சா இதான் ரோதன. ஒங்க மொதலாளி இருந்தா கையால அள்ளிப் பாத்துட்டு எறக்குன்னுடுவாரு.”

“போயி ரெண்டு நாளு களத்துல போட்டு எடுத்துக்கினு வா பெரியப்பா. அப்ப எடை போடறன்.”

தாண்டவராயன் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். போகும்போது, “ஒம் பொண்டாட்டி எப்பிடிடா இருக்கு?” என்று கேட்டார். “எளைக்காம பாத்துக்க.”

ஆஸ்பத்திரியில் பேசுவது எழிலன்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. முதல் நாள் பார்த்தவர் வயதான ஆண் டாக்டர். கட்டி எந்த இடத்தில், எப்போது கைக்குப் பட்டது, குளிக்கும்போதா, தொட்டால் வலிக்கிறதா என்று கேட்டார். நூறு பேரிடம் பேசுகிறவள் தரையைப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது. எழிலன் அவளுக்காகச் சொன்னான். வெளியே வந்ததும் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல வேள மாமா, நீ சொன்ன” என்றாள். அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது. டாக்டர்கள் மாறினார்கள், பெண் டாக்டர்கள் வந்தார்கள். பழக்கம் மாறவில்லை.

சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஆரம்பிக்கும் முன்பே எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு தடவை சுருங்கும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அதில் ஒரு எண் வரும். அவளுக்கு அறுபத்து நான்கு. நான்கு தடவை முடிந்ததும் இன்னொன்று எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்குத் தேதி மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது. “வெளியில எடுத்துட்டு வந்தாலும் சரிதான்” என்றார்கள். பாண்டிக்கு இன்னொரு தடவை அவளை பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்று எழிலன் திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனான்.

அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். புடவைத் தலைப்பால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அவன் காதுக்குள் சொன்னாள்: “மாமா, நடுவுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பாரு. நெஞ்சு நல்லா தெரிஞ்சிருக்கும்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிரித்தாள்.

ரிப்போர்ட்டில் ஐம்பத்தாறு என்று இருந்தது. கீழே ‘நார்மல்’ என்று இருந்தது. எழிலன் கவுண்டரில் இருந்தவரிடம் திரும்பப் போனான். “போன தடவ அறுபத்தி நாலு சார். இப்ப அம்பத்தாறு.”

“அம்பத்தஞ்சுக்கு மேல எல்லாமே நார்மல்தான் சார். மெஷினுக்கு மெஷின் அஞ்சாறு வித்தியாசம் வரும்.”

“முப்பத்தஞ்சு எடுத்தா பாஸுன்ற மாதிரி” என்றாள் மணிமொழி. “ஒரு மார்க்குல பாஸ். வா மாமா, பசிக்குது.”

அந்த வாரத்திலிருந்துதான் அவள் படியில் உட்கார ஆரம்பித்தாள். ஒன்பதாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். “மேமூச்சு வாங்குது மாமா. நீ போ, நான் வரன்.” எழிலன் போகமாட்டான். பக்கத்தில் உட்காருவான். ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறது, அதனால்தான் என்று சொல்வான். அவள் தலையாட்டுவாள். சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்ட எல்லோருக்கும் ரத்தம் குறைவு என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுடைய அம்மா மீனம்பாள் சிங்கவரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வந்தாள். ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி வறுத்துக் கொண்டுவந்தாள். நாக்கு செத்துப்போயிருக்கிறது என்று கருவாட்டுக் குழம்பு உப்பு உறைப்பாக வைத்துக் கொண்டுவந்தாள். மணிமொழி மறுக்காமல் சாப்பிட்டாள்.

எடை ஏறத் தொடங்கியது.

நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது. நாற்பத்தொன்பது புள்ளி ஐந்து. ஐம்பது. பத்தே நாளில். எழிலன் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுத ஆரம்பித்தான். ஐம்பது தொட்ட அன்று மில்லுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி அம்மாவுக்கு போன் செய்து சொன்னான். கீழ் வீட்டு ராஜம்மாள் படியில் பார்த்துவிட்டு, “கன்னம் பாரு, பன்னு கணக்கா. பொண்ணு தேறிட்டா” என்றாள். தலையில் முடி இல்லாததால் மணிமொழி பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். “கோட்டை பாக்க வர்ற வெள்ளைக்காரிங்க மாதிரி இருக்கறன், இல்ல ஆண்ட்டி?” என்றாள். ராஜம்மாளுக்குச் சிரித்துப் புரையேறியது. மணிமொழிக்குப் பாதிச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

ஒரு நாள் கால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “மெட்டி புடிக்குது அத்த.”

மீனம்பாள் குனிந்து பார்த்தாள். மெட்டி விரலுக்குள் பதிந்திருந்தது. “சதை போடுது இல்ல? அதான். நல்லதுதான். அதுக்காகக் கழட்டி வைக்காத. எழிலு, கொஞ்சம் நெகிழ்த்தி உடுடா.”

எழிலன் சோப்பு போட்டு மெட்டியைக் கழற்றினான். கொறடால் வாயை அகலப்படுத்தி, ஈரத்துணியால் துடைத்து, திரும்பப் போட்டுவிட்டான். விரலில் மெட்டி இருந்த இடம் பள்ளமாக இருந்தது. அழுத்தினால் பக்கத்திலும் பள்ளம் விழுந்தது. “பிள்ளைக்கு ஒடம்பு பஞ்சு மாதிரி ஆயிடுச்சி” என்றாள் மீனம்பாள், சந்தோஷமாக.

ஜூன் ஐந்தாம் தேதி பாண்டிக்குப் போனார்கள். அடுத்த மருந்தும் இதயத்தைப் பாதிக்கக்கூடியது; அதை ஆரம்பிக்கலாமா என்று அன்று முடிவு செய்வார்கள். பார்த்தவர் டாக்டர் அன்புக்கரசி. முப்பது வயது இருக்கும். கோவில்பட்டிக்காரர். பாண்டிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்று முன்பே நர்ஸ் சொல்லியிருந்தாள். வெளியே எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பசி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குது மேடம்” என்றான் எழிலன்.

“வாந்தி உண்டா?”

“நின்னுடுச்சி மேடம்.”

“வாய்ப்புண்?”

“ஆறிடுச்சி.”

“இளைக்குதா?”

எழிலன் இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருந்தான். காலண்டரில் மே மாதத் தாளைக் கிழித்து நான்காக மடித்துப் பையில் வைத்திருந்தான். “இல்லவே இல்ல மேடம்” என்று குரலை உயர்த்திச் சொன்னான். “ரெண்டு கிலோ ஏறியிருக்குது.”

டாக்டர் தலையைத் தூக்கிப் புன்னகைத்தார். “சந்தோஷம். சத்து இறங்காம இருந்தா சரி. நாம குடுத்த மாத்திரைக்கும் கொஞ்சம் உடம்பு போடும்.” தட்டச்சு செய்தார்.

“மாடி ஏறும்போது மட்டும்…” என்று ஆரம்பித்தாள் மணிமொழி.

“மாடி வீடு மேடம், பதினேழு படி” என்றான் எழிலன். “அத நான் பாத்துக்கறன். புடிச்சிக்கினுதான் ஏத்தறன்.”

“கால் தளர்ச்சியா இருக்கும். ரத்தம் ஒன்பது இருக்குல்லா? சரியாயிரும்.” டாக்டர் திண்டிவனத்து ரிப்போர்ட்டைப் புரட்டினார். “ஐம்பத்தாறு. சரி. தொந்தரவும் எதுவும் இல்ல. ஆரம்பிச்சிரலாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு எக்கோ பாத்துக்கலாம்.”

நான்கு நிமிடம். மடித்த தாளை எடுத்துக் காட்ட நேரமில்லை. அன்றே புதிய மருந்து ஏறியது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவள் தூங்கிவிட்டாள். எழிலனுக்கு அன்று மனம் லேசாக இருந்தது. பரீட்சை நன்றாக எழுதிய நாள் போல இருந்தது.

ஜூன் இருபத்தாறாம் தேதி இரண்டாவது தடவை. அன்று பார்த்தது வேறொரு டாக்டர். பழைய பக்கத்தைப் படித்துவிட்டு, “அதே மாதிரிதானே?” என்றார். “அதே மாதிரிதான் சார்” என்றான் எழிலன். மணிமொழி அன்று அறைக்குள்ளேயே வரவில்லை. நடக்க முடியவில்லை என்று வெளியே நாற்காலியில் இருந்தாள்.

ஜூலை எட்டாம் தேதி காலை மெஷின் ஐம்பத்து மூன்று காட்டியது. வியாதிக்கு முன்னால் இருந்த எடையைத் தாண்டிவிட்டது. எழிலன் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். ராஜம்மாள் கண்ணுதான் பட்டுவிடும் என்று அன்று மீனம்பாள் மருமகளை உட்கார வைத்து உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. “பாத்தியா, எவ்ளோ கண்ணு பட்டிருக்குதுன்னு” என்றாள். மணிமொழி மட்டும் இருமினாள். படுத்தால் இருமல் வந்தது. மூன்று தலையணையைச் சுவரோடு சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

நான்கு நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு, மெஷினில் ஏறியவள் இறங்கவில்லை. அவன் தோளைப் பிடித்தாள். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு. எழிலன் அதைக் காலண்டரில் எழுதவில்லை. மார்ச்சிலிருந்து அவன் எழுதாமல் விட்ட முதல் கட்டம் அதுதான்.

நூற்றெட்டுக்கு போன் செய்தான். பதினேழு படியும் அவளை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். வண்டியில் வைத்த ஆக்சிஜன் பாண்டி வரைக்கும் போதுமா என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். போதும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவு டாக்டர் ஆனந்தராஜ் படுக்கைக்கே மெஷினைத் தள்ளிவந்து எக்கோ எடுத்தார். பிறகு எழிலனைத் தனியாகக் கூப்பிட்டார். நிதானமான மனிதர். கோப்பைப் புரட்டிக்கொண்டே பேசினார்.

“இப்ப இருபத்தி ரெண்டுதான் இருக்கு.”

அறுபத்து நான்கு, ஐம்பத்தாறு, இருபத்திரண்டு என்று எழிலன் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தான்.

“எத்தன நாளா மூச்சு வாங்குது?”

“மே மாசக் கடைசியிலேர்ந்து சார். படி ஏறுனா.”

“கால் வீக்கம்?”

“வீக்கம் இல்ல சார். சதை போட்டுது. ஆறு கிலோ ஏறியிருக்குது.”

ஆனந்தராஜ் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அது சதை இல்ல தம்பி. தண்ணி. இதயம் தள்ளாததுனால தண்ணி உடம்புலயே தேங்கிக்கிச்சு.”

எழிலனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நனைந்த மூட்டை ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் அவன்.

“அந்த மே மாச எக்கோவுல நார்மல்னு போட்டிருந்தாங்க சார்.”

“போட்டது தப்பில்ல. ஆனா அந்த நம்பர் கடைசியாத்தான் விழும். அது விழறதுக்கு ரொம்ப முன்னாடியே தசை சுருங்கற அளவு குறைய ஆரம்பிச்சிடும். அத அளக்க வேற கணக்கு இருக்கு, ஸ்ட்ரெயின்னு பேரு. எல்லா எடத்துலயும் பாக்கறதில்ல. மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருந்தா இங்கயே உடனே அத பாத்திருப்போம். இந்த ரெண்டு ஊசிய நிறுத்தி வச்சிட்டு இதயத்துக்கு மாத்திரை ஆரம்பிச்சிருப்போம்.” அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “ஜூன் அஞ்சாந்தேதி மூச்சு வாங்கல்லைன்னு தெளிவா எழுதியிருக்கே?”

எழிலன் எட்டிப் பார்த்தான். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை இருந்தது. முதல் வார்த்தை ‘நோ’. இரண்டாவது வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. செல்போனில் தேடிப் பார்த்தான். மூச்சுத் திணறல் என்று வந்தது.

“அவங்க அத கேக்கவே இல்லியே சார்” என்றான்.

ஆனந்தராஜ் போன் செய்து அன்புக்கரசியை வரச் சொன்னார். அவர் வேகமாகத்தான் வந்தார். பக்கத்தைப் பார்த்தார். எழிலனைப் பார்த்தார்.

“நான் கேட்டேனே. நல்லா ஞாபகம் இருக்கு. இளைக்குதான்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னு சொன்னீங்க.”

“அது… ஒடம்பு எளைக்குதான்னு கேட்டீங்க மேடம். எடை ஏறியிருக்குதுன்னு சொன்னன்.”

டாக்டர் அன்புக்கரசி கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். “எங்க ஊர்ப் பக்கம்” என்று ஆரம்பித்தார். “மூச்சு வாங்கினா இளைக்குதுன்னுதான் சொல்லுவோம். எங்கம்மா படி ஏறினா இளைக்குதுன்னுதான் சொல்லுவா.”

“நாங்க மேமூச்சுன்னு சொல்லுவோம் மேடம்.”

“ஆமா” என்றார். “இப்ப தெரியுது.”

அவர் கண் கலங்கியது. எழிலன் அதைப் பார்த்தான். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல அவனுக்கு இருந்தது. அன்று பார்க்க வேண்டிய நோயாளிகளின் பேர் எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. நர்ஸ் வந்து கூப்பிட்டாள். போய்விட்டார்.

“கேன்சர்?” என்று ஆனந்தராஜிடம் கேட்டான்.

“ஸ்கேன்ல எங்கயும் இல்ல.”

“இப்ப… தேறிடுவாளா சார்?”

“பாக்கலாம்.”

மில்லில் ஈர நெல் கொண்டுவருகிறவர்களிடம் எழிலனும் அப்படித்தான் சொல்வான். பாக்கலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

ஐ.சி.யூ.வில் பார்வை நேரம் மாலை நான்கிலிருந்து நாலரை. ஒருவர் மட்டும் போகலாம். மணி ஒன்றரை ஆகியிருந்தது. இரண்டரை மணி நேரம் அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. முதலில் மணிமொழியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அவள் நினைவோடு இருக்கிறாள், காது கேட்கிறது. அவளுக்கு நடந்தது இன்னதென்று அவளுக்குத் தெரிய வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்தான். மனதுக்குள் எழுதிப் பார்த்தான். அன்னிக்கி அந்தம்மா கேட்டது ஒன் மூச்ச பத்தி. நான் தப்பா பதில் சொல்லிட்டன். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தான். திட்டுவாள். திட்டினால் நல்லது. “படிச்ச மூஞ்சிய பாரு” என்பாள். அது அவள் வழக்கம்.

அவன் சொல்லவில்லை. அன்று நாலே காலுக்கு அவனை வெளியே போகச் சொல்லிவிட்டு அவள் தொண்டையில் குழாய் வைத்தார்கள். குழாய் வைத்தால் பேச முடியாது, மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள். மூன்று நாள் அப்படி இருந்தாள். தினமும் நான்கு மணிக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் நின்றான். மயக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வது சொன்னதாக ஆகாது என்று தோன்றியது. கால் வீக்கம் மருந்தில் வற்றிவிட்டது. நான்காம் நாள் காலை கையெழுத்து வாங்கக் கூப்பிட்டார்கள். நர்ஸ் ஒரு காகிதத்தில் மெட்டியை மடித்துக் கொடுத்தாள். வீக்கம் வற்றியதால் தானாகவே கழன்று படுக்கையில் கிடந்ததாம்.

சிங்கவரத்தில் எரித்தார்கள். ஊர் வந்தது. தொண்டூர்த் தாண்டவராயன் வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இ-சேவை மையத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கடைசித் தடவையாக அதையே சொன்னார்கள். எளைச்சிப் பூட்டாளே. எழிலன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரியம் முடியும்வரை வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். கடைசியா இன்னா சொல்லுச்சி? சாவு வீட்டில் அதைக் கேட்பது வழக்கம். பதில் இல்லாமல் அனுப்புவதும் வழக்கமில்லை. அதனால் மீனம்பாள் சொன்னாள்.

“‘மாமாவ பட்டினி போட்டுடாதீங்க அத்த’ன்னு சொல்லுச்சி. அதோட கண்ண மூடிக்கிச்சி எம் மணி.”

கேட்டவர்கள் அழுதார்கள். ராஜம்மாள் அதைக் கீழ் வீட்டில் வந்துபோகிறவர்களுக்கும் சொன்னாள். ஒரு வாரத்தில் அது நிஜமாகிவிட்டது. மீனம்பாள் ஐ.சி.யூ.வுக்குள் போனதே இல்லை. எழிலன் திருத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் அம்மா அதைச் சொன்னாள். அவன் சாப்பிட்டான்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். குழாய் வைத்த அன்று சரியாக நான்கு மணிக்கு அவனை உள்ளே விட்டார்கள். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் இருந்தது. தலைத்துணி நழுவி ஒரு காது மறைந்திருந்தது. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. முதலாவதை ஆரம்பிக்கும்போது ட்யூட்டி டாக்டர் வந்துவிட்டார். இளைஞர். கோப்பைத் திறந்து பேனாவைத் தட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்டார்.

“என்னம்மா, இப்ப எப்படி இருக்கு? என்ன செய்யுது?”

“மத்தியானத்துக்கு இப்ப பரவால்ல சார்” என்றான் எழிலன். “மேமூச்சுதான் இன்னும்…”

மணிமொழி ஊசி குத்தியிருந்த கையை உயர்த்தினாள். டாக்டர் நின்றார். அவள் கோபமாக இல்லை. மாஸ்க்கை ஒரு விரலால் தள்ளி, மூச்சு சேர்வதற்காகக் காத்திருந்து, அவனைப் பார்த்துச் சொன்னாள்.

“நீ இரு மாமா. நான் சொல்றன்.”